தகுதி பெற்ற நோயாளி

அக்காவுக்கு ஆஸ்துமா இருந்தது. ஆனால் அது அவளைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. அதை மற்றவர்கள் ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான் தொந்தரவு வந்தது.

பதினாறு வருடங்களாக அவள் கைப்பையில் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. பழுப்பு நிறத்தில் ஒன்று, காலையும் மாலையும் எடுப்பது. நீல நிறத்தில் ஒன்று, மூச்சு முட்டும்போது மட்டும். முட்டும் நாளில் நீலத்தை ஒரு பிளாஸ்டிக் குழாயின் பின்புறம் செருகி, ஒவ்வொன்றாக நான்கு முறை அழுத்தி, அவசரப்படாமல் இழுப்பாள். பத்து நிமிடத்தில் தோள்கள் இறங்கும். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும் வண்டி" என்று ஆரம்பிப்பாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. மூச்சை நம்பித்தான் சம்பளம். வண்டி தாமதம் என்பதைக்கூட வரவேற்கத் தோன்றும்படி சொல்வாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் எங்கள் இருவருக்கும் வாய்க்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சௌகரியமாக இருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துவந்த டாக்டர் ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் போனபோது அவருடைய அறைக் கதவில் 'சுவாசக் கருவி ஒப்பீட்டுப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தது. ஊரில் உள்ள நோயாளிகள் ஐந்து விதமான இன்ஹேலர்களைப் பயன்படுத்துகிறார்கள், எந்தக் கருவியின் எந்த அளவு மற்றதன் எந்த அளவுக்குச் சமம் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதை மேலிடம் கண்டுபிடித்திருந்தது. இதனால் எந்த நோயாளியும் அதுவரை சிரமப்பட்டதில்லை. எனவே உடனடியாகக் கவனிக்கப்பட்டது.

உள்ளே ஐந்து மேசைகள். மேசைக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு டாக்டர். பின்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு அட்டவணை. இது இரண்டு சமம் அது ஒன்று, அது ஒன்று சமம் மற்றது ஒன்றரை என்று தரையிலிருந்து கூரைவரை சமக்குறிகள். அதற்குக் கீழே பிரிவின் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவர் எதைப் பேசினாலும் நடுவில் இரண்டு விரல்களைப் படுக்கவைத்துச் சமக்குறி காட்டுவார். முதல் நாளே அக்கா அவருக்கு 'ஈக்வல்டு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் மேசை டாக்டர் அக்காவின் சீட்டைப் பார்த்து, அவள் எடுப்பது குறைந்த அளவு என்றார். இரண்டாம் மேசையில் அதே மருந்து நடுத்தர அளவு. மூன்றாம் மேசையில் அதிக அளவு, இத்தனை வருடங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று அனுதாபப்பட்டார்கள்.

"டேய், உட்கார்ந்த இடத்துலயே ரெண்டு ப்ரமோஷன் வாங்கிட்டேன்டா" என்றாள் அக்கா. "பஸ் ஸ்டாண்டுல இருபது வருஷமா ஒண்ணுகூடத் தரலை."

நான்காம் மேசைக்காரர் சிரிக்கவில்லை. மூன்றாம் மேசை கணக்கிடுவது டப்பாவிலிருந்து கிளம்பும் மருந்தை, தாங்கள் கணக்கிடுவது வாயை அடையும் மருந்தை என்று விளக்கினார்.

"நெஞ்சுக்குப் போறதை யாரு சார் கணக்குப் பண்றது?" என்று அக்கா கேட்டாள்.

"அதுக்கு ஒரு துணைக்குழு போடச் சொல்லி எழுதியிருக்கோம்மா."

கடைசியில் இயக்குநரிடம் போனோம். அவர் நீட்டிய படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. மருந்து எடுத்தால் மூச்சு நன்றாக வருகிறதா என்ற கேள்வி மட்டும் இல்லை. எங்கோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, மூச்சு வருது, வரலைங்கறது நோயாளியோட அபிப்பிராயம். நாங்க அபிப்பிராயத்தை ரொம்ப மதிக்கிறோம். அதனாலதான் அதைக் கேக்கறதே இல்லை. நாளைக்கு அவங்க மாத்திச் சொல்லலாம். எண் மாத்திச் சொல்லாது."

அன்று முடிவானது இதுதான். ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எல்லாம் சமம் என்று தெரிந்துவிட்டது. எல்லாம் சமம் என்றால் எதற்கு ஐந்து? எனவே எல்லோருக்கும் ஒரே கருவி. தினசரி மருந்தும் அதில்தான், முட்டும்போது எடுக்கும் மருந்தும் அதில்தான். வெள்ளையாக, வட்டமாக ஒரு டப்பா. பக்கத்தில் சின்ன நெம்பு. நெம்பைத் தள்ளினால் 'டிக்' என்று சத்தம் வரும், உள்ளே பொடி தயாராகும். அக்காவின் பழைய ஸ்ப்ரே இன்ஹேலர் தானாகச் சீறும், நாம் மெதுவாக இழுத்தால் போதும். இதில் சீறல் கிடையாது. நாமே பலமாக, வேகமாக உறிஞ்ச வேண்டும்.

"மூச்சு வாங்க முடியாதப்போ எப்படி சார் பலமா உறிஞ்சறது?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே தகுதித் தேர்வு வச்சிருக்கோம்" என்றார் ஈக்வல்டு.

தேர்வு அடுத்த அறையில். நடத்துபவர் ஒரு நடுத்தர வயது அம்மா. மருந்தில்லாத ஒரு பயிற்சி டப்பாவை வைத்திருப்பார். போதுமான பலத்துடன் உறிஞ்சினால் அதற்குள் ஒரு விசில் ஒலிக்கும். ஒலித்தால் தேர்ச்சி. அக்கா அவரை 'விசில் மேடம்' என்றாள், அவரும் மறுக்கவில்லை.

"இப்போ வீசிங் இருக்காம்மா?"

"இருக்கு. அதான் வந்திருக்கேன்."

"அப்போ இன்னைக்கு முடியாது. வீசிங் இருக்கறப்போ தேர்வு வச்சா ரிசல்ட் கெட்டுப்போயிடும். நல்லா இருக்கற அன்னைக்கு வாங்க."

"நல்லா இருக்கற அன்னைக்கு நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. அதனாலதான் தேர்வு எழுத ஆளே வரமாட்டேங்குது."

எங்கள் கடைக்குக் கண் மங்கியவர்கள் வருவார்கள். கண் தெளிந்த பிறகு வாருங்கள், அப்போதுதான் பவரைச் சரியாகப் பார்க்க முடியும் என்று நாங்கள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. எங்கள் முதலாளிக்குப் படிப்பு குறைவு.

எட்டு மாதத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்து, திங்கள் காலை தெம்பாகப் போனாள். டப்பாவை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு. விசில் வராந்தாவரை கேட்டது. ஐந்து மேசைகளும் எழுந்து கை தட்டின. இயக்குநரே வந்து சான்றிதழ் கொடுத்தார். 'முழுத் தகுதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படம் எடுத்தார்கள். இருபது வருடமாக மைக்கில் பேசும் தொண்டை, அந்த ஊரிலேயே பலமான உறிஞ்சு அவளுடையதாகத்தான் இருந்திருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது.

சான்றிதழுடன் ஒரு படிவமும் வந்தது. தகுதி பெற்றவர் வீட்டிலுள்ள பழைய கருவிகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும், உறவினர் ஒருவர் உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டும்.

"நீலத்தை மட்டும் வச்சுக்கலாம்டா" என்றாள் அக்கா. "யாருக்குத் தெரியப் போகுது?"

"அனைத்தும்னு போட்டிருக்கு அக்கா."

"போட்டிருந்தா? வீட்டுக்குள்ள வந்து தேடுவாங்களா?"

"கையெழுத்துப் போடறது நான். பொய்யா போடச் சொல்றியா?"

"நீ பொறந்ததே ஏதோ படிவத்துக்குப் பதில் எழுதத்தான்டா" என்று சொல்லிக் கைப்பையைக் கவிழ்த்தாள். பழுப்பு, நீலம், பிளாஸ்டிக் குழாய், பேருந்து நிலைய லாக்கரில் இருந்த இன்னொரு நீலம் எல்லாவற்றையும் நானே எடுத்துப்போய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். ரசீதைப் பத்திரமாக வைத்தேன்.

மூன்று மாதம் ஓடியது. நல்ல நாட்களில் வெள்ளை டப்பா நன்றாகவே வேலை செய்தது. ஒரு மழைநாளில் அவளுக்கு முட்டியது. நெம்பைத் தள்ளினாள். டிக். உறிஞ்சினாள், பாதி மூச்சுகூட உள்ளே போகவில்லை. மறுபடி டிக். மறுபடி டிக். ஒன்பது முறை தள்ளிப் பார்த்தாள். ஆட்டோ பிடித்துத் தெருக்கோடி கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே நெபுலைசர் வைத்து அரை மணியில் மீட்டார்கள். மருந்துக்கடையில் நீலம் கேட்டேன். கடைக்காரர் அக்காவின் நோயாளி எண்ணைக் கணினியில் தட்டினார். திரையில் சிவப்புக் கோடு வந்தது.

"தகுதி வாங்கினவங்களுக்குத் தரக்கூடாதுன்னு எல்லாக் கடைக்கும் சர்க்குலர் சார். ஃபெயில் ஆனவங்கன்னா தாராளமா குடுக்கலாம்."

ஒப்பீட்டுப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"டப்பா பின்னாடி ஒரு எண் இருக்கும் பாருங்க, அது குறைஞ்சிருக்கா?" என்றது ஒரு குரல்.

"ஒன்பது குறைஞ்சிருக்கு. ஆனா அவளால உறிஞ்சவே முடியலை."

"எண் குறைஞ்சிருந்தா மருந்து போயிருக்கு சார். ஒன்பதுன்னா அதிகப்படி. அவங்களைக் கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கச் சொல்லுங்க."

நெம்பைத் தள்ளியதைத்தான் அந்த எண் கணக்கிடுகிறது, மூச்சை அல்ல என்று நேரில் போய் இயக்குநரிடம் சொன்னேன். நீலத்தைத் திருப்பிக் கொடுங்கள், ஒன்றே ஒன்று போதும் என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"உங்க அக்கா எங்களோட முதல் ரேங்க் நோயாளி. அவங்களுக்கே ஸ்ப்ரே குடுத்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க? முந்நூத்துப் பதினோரு பேரு தகுதியோட இருக்காங்க. ஒரு இறப்பு கிடையாது. ஒரு எமர்ஜென்சி கிடையாது."

"போன வாரம் கிளினிக்குக்குப் போனோமே சார்."

"அது வெளியில நடந்தது. எங்க புள்ளிவிவரம் உள்ள நடக்கறதுக்கு மட்டும்தான்." பிறகு, ஒரு நல்ல செய்தி சொல்பவரைப் போல முகத்தை மலர்த்தினார். "அடுத்த வாரம் ஓராண்டு நிறைவு விழா. உங்க அக்காதான் தொகுத்து வழங்கணும். நல்ல குரல். மேடையிலேயே ஒரு செய்முறையும் காட்டட்டும். முடிஞ்சதும் உங்க விஷயத்தை அவங்களையே வச்சுப் பேசிடுவோம்."

அதற்காகத்தான் போனோம். விழா முடிந்தால் நீலம் கிடைக்கும் என்று.

காலை பத்தரை மணிக்கு விழா. ஆஸ்பத்திரி மண்டபத்துக்கு முந்தைய நாள்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். புதுக் கம்பளம், அதை ஒட்டிய பசையின் வாடை கண்ணைக் கரித்தது. நுரையீரல் சம்பந்தமான விழா என்பதால் வாசலில் எல்லோர்மீதும் வாசனைத் தண்ணீர் அடித்தார்கள். மேடையின் ஓரத்தில் பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்று. 'கடந்தகாலக் கருவிகள்' என்று எழுதி, ஒப்படைக்கப்பட்ட ஸ்ப்ரேக்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நோயாளி எண். இரண்டாம் தட்டில் அக்காவுடைய இரண்டு நீலங்களும் இருந்தன.

அரை மணி நேரத்தில் அக்காவின் குரல் இறங்கத் தொடங்கியது. வார்த்தைகளுக்கு நடுவே அவள் மூச்சை வாங்கும் இடங்கள் எனக்குத் தெரியும். அன்று அவள் தவறான இடங்களில் நின்றாள். முன்வரிசையில் இருந்த என்னிடம் கைச்சாடையில் இறங்கிவிடலாமா என்று கேட்டாள். நான் எழுவதற்குள் இயக்குநர் மைக்கை வாங்கி, "இப்போது செய்முறை" என்றார்.

அக்கா டப்பாவை எடுத்தாள். டிக். உறிஞ்சினாள். தோள்கள் காதுவரை ஏறின. டிக். உதடுகள் வெளுத்தன. டிக்.

"கவனிச்சீங்களா?" என்றார் இயக்குநர் சபையைப் பார்த்து. "பழைய ஸ்ப்ரேன்னா உஸ்ஸுன்னு ஒரே சத்தம். இது எவ்வளவு அமைதியா வேலை செய்யுது பாருங்க!"

சபை கை தட்டியது. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மேடையில் ஏறி அலமாரியை உலுக்கினேன்.

"சாவி குடுங்க! நீலம் வேணும்!"

"அது கண்காட்சிப் பொருள் சார், எடுக்கக் கூடாது" என்றார் காவலர்.

இரும்பு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியை உடைத்தேன். வலது உள்ளங்கை கிழிந்தது. அவளுடைய நீலத்தை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்ததை அழுத்தினேன். காற்றுகூட வரவில்லை. பக்கத்தில் நின்ற மூன்றாம் மேசை டாக்டர் எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். "காலி பண்ணித்தான் சார் வைக்கணும். பாதுகாப்பு விதி."

அவசரப் பிரிவு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. ஸ்ட்ரெச்சர் கேட்டேன். வந்தது, கூடவே ஒரு கேள்வியும் வந்தது. தகுதி பெற்ற நோயாளியை அவசரப் பிரிவுக்கு அனுப்பப் படிவம் இல்லை. தகுதி பெற்றவருக்கு அவசரம் வராது என்பதால் யாரும் அச்சடிக்கவில்லை. முதலில் தகுதியை ரத்து செய்ய வேண்டும், அப்போது அவள் சாதாரண நோயாளி ஆகிவிடுவாள், பிறகு ஸ்ட்ரெச்சர் நகரலாம். ரத்துப் படிவத்தைத் தேடினார்கள். அது இயக்குநர் அறையில் இருந்தது. ஒருவர் ஓடினார். ஐந்து டாக்டர்கள் அக்காவைச் சுற்றி நின்றார்கள். நாடி பார்த்தவர் ஒருவர், மற்றவர்கள் எந்த அளவு கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்திருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தைக்கான காற்று இல்லை.

படிவம் வந்தது. 'தகுதி ரத்து: பகல் 11.20' என்று எழுதி முத்திரை குத்தினார்கள். உறவினர் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார்கள். என் கையிலிருந்து ரத்தம் படிவத்தில் சொட்டியது.

"காகிதம் பாழாகுது, கையைத் துடைச்சிட்டுப் போடுங்க" என்றார் ஒருவர்.

"அப்புறம் வாங்கிக்கலாம்! தள்ளுங்கய்யா, போகட்டும்!" என்று கத்தியது விசில் மேடம். ஸ்ட்ரெச்சரை அவரும் நானும்தான் தள்ளினோம்.

பதினொன்று நாற்பதுக்கு அக்கா போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து விசில் மேடம் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"கையெழுத்து வாங்காம அனுப்பினதுக்கு எனக்கு மெமோ குடுத்திருக்காங்க" என்றார். "கையெழுத்து இல்லேன்னா அந்த ரத்து செல்லாதாம்."

"செல்லலைன்னா என்ன ஆகும்?"

"அவங்க தகுதியோட இருக்கறப்பவே இறந்ததா ஆகும். எங்க கணக்குல வந்துடும்."

அவர் படிவத்தை வெளியே எடுத்தார். என் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க வீட்ல இல்லை, பூட்டியிருந்ததுன்னு எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இயக்குநரே வந்தார். அக்காவின் படத்துக்கு முன் இரண்டு நிமிடம் கண்மூடி நின்றார். அது சான்றிதழ் வாங்கியபோது அவர்கள் எடுத்த படம். எங்களிடம் அதைவிட நல்ல படம் இல்லை. பிறகு படிவத்தைத் தேநீர் மேசையில் விரித்து, கையெழுத்து வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, உணர்ச்சிவசப்படாம யோசிங்க. முந்நூத்துப் பத்துப் பேரு நல்லா இருக்காங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர். அவங்களால ஒரு வருஷ உழைப்பு வீணாகலாமா? இறப்புக் கட்டத்துல பூஜ்யம்னு அச்சே ஏத்தியாச்சு. உங்க அக்கா எவ்வளவு பெரிய மனசு. அவங்க இருந்திருந்தா நிச்சயமா ஒத்துழைச்சிருப்பாங்க."

"இருந்திருந்தா கையெழுத்தே தேவைப்பட்டிருக்காதே சார்."

"பாருங்க, நீங்களே ஒத்துக்கறீங்க."

"இல்லை சார். ஒரு தடவை நீங்க நீட்டின காகிதத்துல யோசிக்காம கையெழுத்துப் போட்டேன். அவ வேண்டாம்னு சொன்னா, நான் கேக்கலை. இதுல போடமாட்டேன்."

"அறிக்கை சமமா வராது தம்பி." இரண்டு விரல்களைப் படுக்கவைத்துக் காட்டினார். அவருக்கு உண்மையிலேயே துக்கம் இருந்தது. எதற்காக என்பதுதான் வேறு.

அதன் பிறகு ஏழு கடிதங்கள் வந்தன. ஏழாவதில் என்னை 'அன்புடையீர்' என்று அழைப்பதை நிறுத்தியிருந்தார்கள். நான் எதற்கும் பதில் எழுதவில்லை. பதில் எழுதாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, முதல் இரண்டு கடிதங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் ஆண்டறிக்கை வெளியானது. விசில் மேடம் ஒரு பிரதியை உறையில் போட்டு அனுப்பியிருந்தார், கடிதம் எதுவும் வைக்கவில்லை. வழவழப்பான தாளில் நூற்று இருபது பக்கங்கள். முதல் பக்கத்தில் இயக்குநரின் உரை. அறுபத்துநான்காம் பக்கத்தில் ஒன்பதாவது அட்டவணை, கருவிவாரியாக விளைவுகள். இறப்பு என்ற வரிசையில் எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பூஜ்யத்தின்மேல் சின்னத் தாள் ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் 'ஒன்று' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

கடையில் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் அடிக்குறிப்பைப் படிக்க முடிந்தது.

'உறவினரின் ஒத்துழைப்பின்மை காரணமாக இந்த எண்ணை நீக்க இயலவில்லை.'

அந்த உறவினர் நான்தான்.